ஒழுகுகிற இடம்

அவர் வாயிலிருந்து 'முடிஞ்சுது' என்ற சொல்லைப் பிடுங்குவது லேசான காரியமில்லை. திருத்தக் கொடுத்த மணிக்கூடு ஓடும். தையல் மெசின் சத்தமில்லாமல் தைக்கும். லொறி மலையேறிப் பதுளைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிடும். வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டால் மட்டும், "இன்னும் தெரியா. ரெண்டு நாள் ஓட்டிப்போட்டுக் கொண்டு வாங்க, பாப்பம்" என்பார். அதைக் கேட்டு எரிச்சல்படாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. நானும் பட்டிருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் வாயிலே நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெயர் வேண்டாம். அவருடைய மனைவி வழிச் சொந்தக்காரர் இன்னும் வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் இருக்கிறார்கள். என் பிள்ளைகளும் அங்கேதான் கலியாணம் முடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரர் எல்லோருமே பாஸ்தான். தச்சு வேலைக்காரரும் பாஸ், கொத்து வேலைக்காரரும் பாஸ். இவர் மோட்டர் பாஸ். நான் மட்டும் அண்ணன் என்று கூப்பிடுவேன். பிறந்தது தன்னாமுனையில். செங்கலடிச் சந்தியில் லொறிகளுக்குக் கீழே படுத்துக் கிடந்து தொழில் படித்தவர். கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது எங்கள் வழக்கம். அப்படி வாவியைக் கடந்து எங்கள் ஊருக்கு வந்தார். வரும்போது ஒரு தகரப் பெட்டி நிறைய வேலை ஆயுதமும் இரண்டு சாரனும் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்.

நான் போடியாரிடம் வேலைக்கு இருந்தேன். போடியார் என்றால் வயல்காணி நிறைய உள்ள பெரிய மனிதர். உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி அவர் கொழும்பிலிருந்து ஒரு மோட்டர் வருவித்தார். படகின் பின்பலகையில் கொளுவிவிடுகிற மோட்டர். கயிற்றைச் சுற்றி இழுத்தால் உயிர் வரும். மேலே பெற்றோல் தாங்கி, நடுவில் எஞ்சின், கீழே தண்ணீருக்குள் இறங்குகிற நீளமான கால், காலின் நுனியில் விசிறி. அந்த விசிறியைச் சுற்றவைக்கும் பல்லுச் சக்கரங்கள் காலுக்குள்ளே ஒரு சின்னப் பெட்டியில் தடித்த எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்கும். அந்தக் கரையில் அப்படி ஒரு படகு வேறு யாரிடமும் இல்லை. அதை ஓட்டுகிறவன் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எண்ணெய் ஒழுகுகிறது என்று போனால் எங்கே என்று அவர் கேட்கமாட்டார். முதலில் துடைப்பார். கிழிந்த சாரன் துண்டை எடுத்து மேலிருந்து கீழே வரைக்கும், குழந்தையைக் குளிக்கவார்த்துத் துவட்டுகிற மாதிரி, ஒரு மடிப்பு விடாமல் துடைப்பார். பிறகு அரிசி மாவை மெல்லிய சீலையில் முடிந்து தட்டித் தட்டித் தூவுவார். மோட்டர் முழுக்க வெள்ளையாகிவிடும். பிறகு முன்னால் குந்தியிருந்துகொண்டு பார்ப்பார். எண்ணெய் முதன்முதலில் எந்த இடத்தில் கசிகிறதோ அந்த இடத்தில் மா கறுக்கும்.

"எண்ணெய் வந்து நிக்கிற இடத்தப் பாத்து ஒண்டும் சொல்லேலா தம்பி. அது வெளிக்கிட்ட இடத்தப் பாக்கணும்" என்பார்.

யுத்த காலத்தில் அரிசிக்கே தட்டுப்பாடு. அவருடைய மனைவி வேலியோரம் நின்று எங்களுக்குக் கேட்கச் சொல்லுவா, "மனிசருக்குப் பிட்டவிக்க மாவில்ல, என்ட வீட்டுல மோட்டருக்குப் பவுடர் போடுறாங்க" என்று. சொல்லிவிட்டு உள்ளே போய் இன்னும் ஒரு பிடி மா கொண்டுவந்து கொடுப்பா. நான் அவவை அக்கா என்பேன். சிரித்த முகம். ஒல்லியான மனுசி, நடை மட்டும் வேகம்.

ஒருமுறை போடியார் வீட்டுச் சாமியறை விளக்கில் ஊற்றுகிற எண்ணெய் பொழுதுபடுவதற்குள் குறைந்துகொண்டே வந்தது. வீடு கூட்ட வருகிற பெண்தான் எடுக்கிறாள் என்று முடிவுகட்டி அவளை வேலையிலிருந்து நிற்பாட்டப் போனார்கள். அவள் முற்றத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மணிக்கூடு திருத்த வந்த பாஸ் அதைக் கேட்டுவிட்டு, மணிக்கூட்டை வைத்துவிட்டு, "அந்த விளக்க ஒருக்காத் தாங்க" என்றார். துடைத்தார். மாத் தூவினார். அன்று காலை முழுக்க அதன் முன்னால் இருந்தார். போடியார் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, "என்னகா இது, பொண் பாக்க வந்தவன் மாதிரிக் குந்திக்கிட்டு இரிக்காய்" என்று பகிடி பண்ணினார். பாஸ் அசையவில்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி விளக்குத் தண்டின் அடியில் மயிர் பருமனில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. வெடிப்பு. எண்ணெய் அதன் வழியாக இறங்கிப் பலகை இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"ஆளப் புடிக்கிறது லேசு போடியார். ஓட்டையப் புடிக்கிறதுதான் வேலை" என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டைக் கையில் எடுத்தார். அந்தப் பெண் பிறகும் பல வருசம் அந்த வீட்டில் வேலை செய்தாள்.

என்னையும் அவர் ஒருதரம் பிடித்திருக்கிறார். அந்த மோட்டருக்குப் பெற்றோலிலேயே எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஒருநாள் பார்த்தால் பின்பலகை முழுக்கக் கறுப்பாக எண்ணெய் வழிந்து கிடக்கிறது. நான் கண்ட கண்ட திருகாணியையெல்லாம் இறுக்கினேன். நிற்கவில்லை. அவரிடம் கொண்டுபோனேன். துடைத்து, மாவும் தூவி, தண்ணீர்ப் பீப்பாவுக்குள் காலை இறக்கி ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு மூட்டிலும் கசிவில்லை. புகை போகிற வாயில் மட்டும் மா கறுத்தது.

"தம்பி, பெற்றோலுக்கு எவ்வளவு எண்ணெய் ஊத்துறாய்?"

"சொன்ன அளவுதான் அண்ணன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமாக இல்லை. மாவைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தார். நான் தலையைச் சொறிந்தேன். "மோட்டர் நல்லாரிக்கட்டும் எண்டு கொஞ்சம் கூட ஊத்தினன்."

"எவ்வளவு கூட?"

"ரெண்டு பங்கு."

விழுந்து விழுந்து சிரித்தார். "ஒழுக்கு இல்லகா இது. எரிஞ்சு முடியாத எண்ணெய் வெளிய வருது. நீ அதுக்குத் தீன் கூடக் குடுத்திரிக்காய், அது சத்தி எடுக்குது" என்றார். அவ்வளவுதான். போடியாரிடம் அவர் அதைச் சொல்லவுமில்லை. பிழையை ஒப்புக்கொண்டால் ஏசமாட்டார் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிறகு நடந்ததற்கு, தெரியாமல் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. வயதையும் சாட்டமுடியாது. அப்போது எனக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது.

அவர்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருசம் பிள்ளை இல்லாமல் இருந்தது. கோயில் கோயிலாகப் போனார்கள். அவர் அதைப்பற்றி ஒருவரிடமும் பேசமாட்டார். பத்தாம் வருசம் வைகாசி கழிந்தபிறகு அக்காவின் நடை வேகம் குறைந்தது. ஊருக்கே விசயம் விளங்கியது. மோட்டர் பாஸ் ஒருநாள் என்னிடம் வந்து, கேட்காமலே, "தையிலதான் தம்பி" என்றார். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாரி மழையில் படுவான்கரைப் பாதையெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். அவசரம் ஆபத்தென்றால் வாவி வழியாகத்தான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். துடுப்பு வலித்துக்கொண்டு போனால் அரை நாள். மோட்டர்ப் படகில் இரண்டு மணித்தியாலம் காணும். பாஸ் போடியாரிடம் வாழ்க்கையில் கேட்ட ஒரே உதவி அதுதான்: தை மாசம் அந்தப் படகு ஊர்த்துறையில் நிற்கவேண்டும். போடியார் உடனே சரியென்றார்.

அப்படி இருக்கையில்தான் கார்த்திகைக் கடைசியில் படகின் பின்னால் தண்ணீரில் மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் படர்வதை அவர் கண்டார். நான் தினமும் அந்தப் படகில் இருக்கிறவன், எனக்குத் தெரியவில்லை. கரையில் நின்றபடியே அவர் கண்டுவிட்டார். அன்றைக்கே மோட்டரைக் கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

விசிறியைக் கழற்றியதும் விசயம் தெரிந்தது. மீன்பிடி வலை நூல், எங்கேயோ அறுந்து மிதந்தது, விசிறிக்குப் பின்னால் தண்டில் இறுகச் சுற்றிக்கிடந்தது. அது அராவி அராவி எண்ணெயை அடைத்துவைத்திருக்கும் வாசரைத் தின்றிருந்தது. யுத்தகாலம், புது வாசருக்கு எங்கே போவது? தன் இடுப்புப் பட்டியின் வாலை வெட்டி, எண்ணெயில் ஊறப்போட்டு, வட்டமாக நறுக்கி, எட்டு நாள் மினக்கெட்டு ஒரு தோல் வாசர் செய்தார். செங்கலடியிலிருந்து ஒரு டப்பாத் தடித்த எண்ணெய் கெஞ்சி வாங்கிவந்திருந்தார். அது முழுக்க அந்தப் பெட்டிக்குள் போயிற்று. மா தூவிப் பார்த்தார். கறுக்கவில்லை.

"முடிஞ்சுதா அண்ணன்?"

"இன்னும் தெரியா. ரெண்டு நாள் ஓட்டு. மறுகா மேல் ஆணியக் கழட்டி எண்ணெய் மட்டம் பாரு. மூண்டாம் நாள் விடிய நான் துறைக்கு வந்து பாக்கன்."

அந்தப் பெட்டியில் இரண்டு திருகாணி. மேலே இருப்பது மட்டம் பார்க்கவும் ஊற்றவும். கீழே இருப்பது எண்ணெயை வடிக்க. இரண்டாம் நாள் பின்னேரம் படகை நிறுத்திவிட்டு, மோட்டரை மேலே நிமிர்த்தி, வேறு எதையோ நினைத்துக்கொண்டு நான் கீழ் ஆணியைக் கழற்றினேன். சட்டென்று வரவில்லை, அதனால் வேகமாகத் திருகினேன். ஆணி கையோடு வந்தது. பின்னாலேயே எண்ணெய் வந்தது. தேன் மாதிரித் தடிப்பாக, நிற்காமல், வாவிக்குள் இறங்கியது. விரலால் அடைத்தேன். அடைத்த விரலைத் தாண்டி வந்தது. ஆணியைத் திரும்பப் பூட்டி முடிப்பதற்குள் பெட்டி காலி.

போய்ச் சொல்லியிருக்கவேண்டும். அவர் வீடு துறையிலிருந்து கூப்பிடுதூரம். ஆனால் அந்த டப்பாவுக்காக அவர் எத்தனை பேரிடம் கெஞ்சினார் என்பது எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. மூன்று வருசமாக மோட்டர் ஓட்டுகிறவன், மேல் ஆணி எது கீழ் ஆணி எது என்று தெரியாதவன் என்ற பேர் வருமே என்றும் இருந்தது. எங்கள் ஊரில் எதற்கும் தேங்காயெண்ணெய்தான். பூட்டுக்கு, தையல் மெசினுக்கு, வண்டி அச்சுக்கு, தலைமயிருக்கு. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் ஒரு போத்தல் எடுத்துவந்து ஊற்றினேன். அடுத்த டப்பா கிடைக்கும்போது மாற்றிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று என் மனதுக்குச் சமாதானம் சொன்னேன்.

மூன்றாம் நாள் விடிய அவர் வந்தார். மார்கழி. வாடைக்காற்று எலும்புக்குள் இறங்குகிற குளிர். துடைத்தார், மாத் தூவினார், குந்தியிருந்தார். மா அசையாமல் வெள்ளையாகவே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. பார்த்தாயா, ஒன்றும் ஒழுகவில்லை, நான் செய்ததும் சரிதான் என்று நினைத்தேன். மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்து கட்டிபட்டு நிற்கும், போத்தலை வெயிலில் வைத்துத்தான் தலைக்கு எடுக்கவேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் என் புத்திக்கு அது வரவில்லை.

அக்கா தேத்தண்ணி கொண்டு மெல்ல மெல்லத் துறைக்கு வந்தா. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "இண்டைக்காவது முடிஞ்சுது எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்களன். நான் காதால கேக்கட்டும்" என்று பகிடியாகச் சொன்னா.

அவர் சிரித்துக்கொண்டு மேல் ஆணியைக் கழற்றத் திருப்புளியை வைத்தார். அதைக் கழற்றியிருந்தால் உள்ளே வெள்ளையாக உறைந்து நிற்பதைக் கண்டிருப்பார்.

"நான் பாத்தன் அண்ணன். மட்டம் சரியா இரிக்கு" என்றேன்.

"பாத்தியா?"

"ஓம்."

யார் வாயையும் நம்பாத மனுசன். தன் கண்ணால் காணாததை ஒத்துக்கொள்ளாத மனுசன். அன்றைக்கு என்னை ஒருதரம் பார்த்தார், மனைவியை ஒருதரம் பார்த்தார், திருப்புளியைப் பெட்டிக்குள் போட்டார். "சரி. முடிஞ்சுது" என்றார். அக்கா கைதட்டிச் சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது. அதை நான் மறைக்கவில்லை, நானும் சிரித்தேன்.

தைக்கு மூன்று கிழமை இருந்தது. செங்கலடியில் ஒரு லொறி கிடையாகக் கிடக்கிறது என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். "ரெண்டு நாளில வந்திருவன். மோட்டர் இரிக்கு, தம்பியும் இரிக்கான், என்ன பயம்?" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன மறுநாள் காலையில் அக்காவுக்கு வலி கண்டது.

மருத்துவிச்சி வயதான மனுசி. காது சுத்தமாகக் கேட்காது, கையால் தொட்டே எல்லாம் சொல்லுகிறவ. தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் என்று சொல்லிவிட்டா. படகில் அக்கா, மருத்துவிச்சி, அக்காவின் தம்பி, நான். போடியாரே துறைக்கு வந்து படகைத் தள்ளிவிட்டார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. வாடைக்காற்று எதிரே அடித்தது. முதல் அரை மணித்தியாலம் மோட்டர் அழகாக ஓடியது.

வாவியின் நடுப்பாகத்தில் காலுக்குள் ஒரு கிறீச்சிடுகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு முறிவு. பிறகு ஒன்றுமில்லை. நிமிர்த்திப் பார்த்தேன். விசிறி இறுகிப் போயிருந்தது. காய்ந்த தேங்காயெண்ணெயின் மணம் முகத்தில் அடித்தது. எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. வெயிலிலும் ஓட்டத்திலும் இளகி, தண்ணீராகி, தடித்த எண்ணெயை நிறுத்திவைத்த அந்தத் தோல் வாசருக்குள்ளால் அது ஒழுகிப்போய்விட்டது.

அக்காவின் தம்பி தண்ணீருக்குள் குதித்தான். எங்கள் வாவி நடுவிலும் இடுப்பளவு ஆழம்தான். வேறு படகு கொண்டுவருகிறேன் என்று கரையைப் பார்த்து நடந்தான். நான் கம்பை ஊன்றித் தள்ளினேன். காற்று படகைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மோட்டரிடம் போய்க் கயிற்றை இழுத்தேன். ஓடாது என்று தெரிந்துகொண்டே இழுத்தேன்.

அக்கா வலிக்கு நடுவில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. "தம்பி, அது அவர் பாத்த மோட்டர். அவர்ட வேலையில பிழை வராது. வேற என்னமும் இரிக்கும், நல்லாப் பாருங்க" என்றா.

அப்போதும் நான் சொல்லவில்லை. "பாக்கன் அக்கா" என்று மட்டும் சொன்னேன். மருத்துவிச்சிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வார்த்தைகளைக் கேட்டது நான் ஒருவன்தான்.

மீன்பிடிக்கிற இரண்டு பேர் படகோடு வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது மத்தியானம் திரும்பிய பிறகு. பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பொழுதுபடுவதற்கு முன்னால் அக்காவும் போய்விட்டா. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் தாயையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பாஸ் சேதி கேட்டுச் செங்கலடியிலிருந்து வந்து வாசலில் ஏறும்போது அந்தச் சொல் அவர் காதிலும் விழுந்தது.

"எத்தின மணிக்கு வெளிக்கிட்ட நீங்க?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "மோட்டர்?" என்றார். "நிண்டிட்டு அண்ணன்" என்றேன். அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்ததும் அந்த மோட்டர்க் காலைப் போடியாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் புகுந்து கிடந்த காலில் அதற்குள் தேங்காயெண்ணெய் மணம் இல்லாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் அவர் செய்தது அந்த ஒரு வேலைதான். கழற்றுவார், துடைப்பார், தடித்த எண்ணெய் விடுவார், மாத் தூவுவார், இருப்பார். ஒழுகாது. மறுநாளும் கழற்றுவார். ஊரார் மணிக்கூடு கொண்டுபோனால், "என்ட கையில குடுக்காதீங்க. வேற ஆளப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார். நான் அந்த வேலியைக் கடக்கும்போதெல்லாம் அவர் மாவைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பது தெரியும். அங்கே அவர் தேடுவது என்னிடம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், ஆவணியில் முடிப்பதற்குக் கலியாணமும் பேசினேன். மனிதன் எதையும் வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடுவான் போலிருக்கிறது.

ஆடி மாதம் ஒருநாள் காலை அவர் என்னைத் தேடித் துறைக்கு வந்தார். மெலிந்து உருமாறிப் போயிருந்தார். ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"தம்பி, கண்டுபிடிச்சிட்டன்."

கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தேன்.

"வாசர் நல்லாரிக்கு. ஆணி நல்லாரிக்கு. ஒழுக வழியே இல்ல. அப்ப எண்ணெய் எங்கால போன? போகல்ல தம்பி. நான் ஊத்தவே இல்ல. அவட நினைப்பில மறந்திட்டன். டப்பாவ வேற எங்கயோ வச்சிட்டு ஊத்தின எண்டு நினைச்சிட்டன். நீ மட்டம் பாக்கக்குள்ள கண்டது உள்ள கிடந்த பழைய எண்ணெயா இரிக்கும்." பிறகு, "உன்னையும் அண்டைக்கு நடு வாவியில நிக்க வச்சிட்டன். மனசில வச்சிக்காத" என்று சொல்லி என் கையைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

எவன் பிழையையும் சரியான இடத்தில் போய்த் தொடுகிற மனுசன், கடைசியில் இல்லாத பிழையைத் தன் தலையில் கண்டுபிடித்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. காலில் விழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைத் தூக்கவுமில்லை, உதைக்கவுமில்லை. "எந்த ஆணியக் கழட்டினாய்?" என்று கேட்டார்.

"கீழ் ஆணி."

"என்ன எண்ணெய் ஊத்தினாய்?"

"தேங்காயெண்ணெய்."

வாய்க்குள்ளே எதையோ சொல்லிப் பார்த்தார். "மார்கழி... விடியக்காலம்... உறைஞ்சிருந்திரிக்கு. அதான் மா கறுக்கல்ல." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கடவுளறிய வந்தது. ஏழு மாதம் தேடியது கிடைத்துவிட்ட சந்தோசம். "அப்ப வாசர் பிழையில்ல. நான் எண்ணெய்யும் ஊத்தித்தான் இரிக்கன்" என்றார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் வலித்தது. ஏனென்றால் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் அது இருந்தது. அதன் பின்னால் மற்றது வந்தது.

"அவ என்ன நினைச்சிப் போனாவோ" என்றார் மெல்ல. "என்ட வேலதான் தன்னக் கைவிட்ட எண்டு நினைச்சிருப்பா."

"இல்ல அண்ணன்" என்று அக்கா சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அவர் அப்படியே படகு விளிம்பில் இருந்துவிட்டார். "இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். "அழுதழுதா சொன்ன?" இல்லை, உறுதியாகத்தான் சொன்னா என்றேன். "இன்னொருக்கா" என்றார். மூன்றாம் தரம் சொல்லும்போது அவர் அழத் தொடங்கினார். அத்தனை மாதத்தில் அவர் அழுததை ஒருவரும் கண்டதில்லை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள்.

"எண்ணெயப் பத்திச் சொல்லாட்டி விடு" என்றார் கடைசியில். "பயந்திருப்பாய். இத எனக்கிட்டச் சொல்லியிரிக்கலாமே தம்பி. இந்த ஒரு வார்த்தைய நான் வச்சிருந்திருப்பனே."

ஏன் சொல்லவில்லை? அக்கா சொன்னதைச் சொன்னால், வேறு என்ன இருந்தது என்று அடுத்த கேள்வி வரும். அதனால்தான். அந்தக் கேவலத்தையும் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"வேற என்ன சொன்ன அவ?"

"அவ்வளவுதான் அண்ணன்."

"உண்மையா?"

"உண்மையா."

என் முகத்தைப் பார்த்தார். வேறு எவனோ முடிந்தது என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்த மோட்டரைப் பார்க்கிற பார்வை. பிறகு போய்விட்டார்.

அவர் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மணிக்கூடும் மெசினும் திரும்ப வாங்கத் தொடங்கினார். வேறு கலியாணம் முடிக்கவில்லை. பிறகு வந்த இருபது வருசத்தில் எங்களுக்குள் பெரிய பேச்சு இல்லை. சந்தையிலோ செத்த வீட்டிலோ எங்கே கண்டாலும் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பார். கிட்ட வந்து, மற்றவருக்குக் கேட்காமல், "தம்பி, அவ வேற ஒண்டும் சொல்லல்லயா?" என்பார். இல்லை என்பேன். தலையை ஆட்டிவிட்டு நடப்பார். நம்பவில்லை என்பது முதுகிலேயே தெரியும்.

எத்தனையோ தரம் ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். உங்கள் பெயரைச் சொன்னா, உங்களைக் கேட்டா, உங்களைக் கவனமாக இருக்கச் சொன்னா என்று ஏதாவது. எவ்வளவு சின்னப் பொய். அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அந்த மனுசனிடம் இன்னொரு பொய் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை.

கடைசியாகக் கண்டது அதே ஆஸ்பத்திரியில், ஒரு பகல் வேளை. கட்டிலில் ஒரு பிடி எலும்பாகக் கிடந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். பேச்சு எழும்பவில்லை, அதே கேள்வியை உதட்டை அசைத்துத்தான் கேட்டார். காதை வைத்துக் கேட்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

"அவ்வளவுதான் அண்ணன் சொன்னா. சத்தியமா வேற ஒண்டும் சொல்லல்ல" என்றேன்.

அது உண்மை. அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.